சாயல்காரி

மில் சங்கு ஊதி அடங்கியபின், எப்போதும் போல இரு விரல்களை மடக்கி முத்துப்பேச்சி கதவைத் தட்டினாள். தட்டிய மறுகணமே தாழ்ப்பாள் விலகுவதுதான் வழக்கம். அன்று விலகவில்லை. கதவின் மறுபுறத்தில், பலகைக்கு மிக நெருக்கமாக, மகளின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஜோ, அம்மாதான். தொறத்தா.”

“மறுபடியுமா?” என்றது உள்ளிருந்த குரல்.

“என்னடி மறுபடியும்?”

“இப்பத்தான வந்துட்டுப் போன.”

“சங்கு ஊதிருச்சுல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜோதிகா தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்த பின்னரும் அவள் வழிவிடவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அச்சிறுமி, தாயின் முகத்தையும், ஊசி ஏறிய தழும்புள்ள விரலையும், தோளில் தொங்கிய பையையும், கடைக்காரர் கிழிந்த நோட்டைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள். பிறகே ஒதுங்கினாள்.

முத்துப்பேச்சி சிரித்தாள். சிரிக்கும்போதே, தன் சிரிப்பைப் பிள்ளை தலைசாய்த்து உற்றுக் கேட்பதையும் கண்டாள்.

அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்புறம் அமைந்த லைன் வீடுகளுள் அதுவும் ஒன்று. ஒரே அறை, ஒரே கதவு, கூரையை ஒட்டி, கை நுழையாத ஒரு காற்றுத் துளை. பகல் முழுவதும் பட்டறைகளில் பித்தளை அடிபடும் ஓசை சுவர்களின் வழியே வந்து தரையில் அதிரும். முத்துப்பேச்சியின் கணவன் காசிமாயன் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர்; வாரத்தில் ஓரிரு நாட்களே வீட்டில் தங்குவான். அவளோ பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைப்பவள். திருப்பூரில் ஒரு ஷிப்ட் உழைத்து எவரும் பிழைப்பதில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும் வேலையை இரவு எட்டரை வரை நீட்டினால் அது ஒன்றரை ஷிப்ட். பள்ளி விட்டு வரும் ஜோதிகா, அந்த எட்டரை மணிச் சங்கு ஊதும்வரை தனியே இருந்தாக வேண்டும்.

பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் செல்லும் தாய்மார்கள் அந்த வரிசையிலேயே இருந்தனர். முத்துப்பேச்சியால் அது இயலவில்லை. சிலிண்டரும் அடுப்பும் உள்ள அறையில் பிள்ளையை வைத்துப் பூட்டுவது அவள் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. தாழ்ப்பாள் உட்புறம் இருத்தல் வேண்டும். அதனை நீக்கும் கையும் பிள்ளையுடையதாகவே இருத்தல் வேண்டும். ஆயினும், எவர் வந்து எவ்வளவு இனிமையாக அழைத்தாலும் அந்தக் கை அசைதல் கூடாது. அத்தகைய பூட்டு எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. ஆதலால் அவள் ஒரு கதையைச் செய்தாள்.

கதை அவளுக்கு எளிதில் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர்ப் பொங்கலுக்குத் திரைகட்டிக் காட்டிய படங்களை மணலில் அமர்ந்து பார்த்த நாள் முதலே, அவளுக்கு நாயகனைவிடக் கெட்டவனிடமே கவனம் மிகுதி. அந்தக் கெட்டவர்களிடம் அவள் ஒரு குறையைக் கண்டிருந்தாள். அவர்கள் வருவதற்கு முன்பே அவர்களுக்கான இசை வந்துவிடும். கண்ணை உருட்டுவார்கள், தேவையின்றிச் சிரிப்பார்கள், சின்னஞ்சிறு குழந்தைகூட, அதோ அவன்தான், என்று விரல் நீட்டிவிடும். அவள் வாழ்ந்த உலகில் எவர் வரும்போதும் அத்தகைய இசை ஒலித்ததில்லை. தீமை அங்கே நல்ல சட்டை அணிந்திருந்தது. கண்ணு என்று அழைத்தது. மிட்டாய் நீட்டியது. எனவே அவள் படைத்த தீயவளுக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை, சொந்தமாக ஒரு முகமும் இல்லை. யாரைக் கண்டால் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளுமோ அவருடைய உருவத்தையும் குரலையும் அவள் எடுத்துக்கொள்வாள். அவள் பெயர் சாயல்காரி.

“எங்குரல்லகூட வருவாளா?” என்று முதல்நாள் ஜோதிகா கேட்டாள்.

“உங்குரல்ல எதுக்கு வரப்போறா? எங்குரல்லதான் வருவா. அம்மாதான்னு சொல்லுவா. அழுவா. தொறந்துடக் கூடாது.”

“அப்ப நீதான்னு எப்படிம்மா தெரியும்?”

முத்துப்பேச்சி ஒருகணமே சிந்தித்தாள். “அவளுக்கு வேலைவெட்டி கெடையாது. எப்ப வேணா வருவா. நான் சங்கு ஊதுனப்பறந்தான் வருவேன். சங்குக்கு முன்னால எங்குரல்ல யாரு கூப்புட்டாலும் அது நானில்ல.”

அந்த விதியைத் தானே கண்டுபிடித்ததில் அவளுக்கு அன்று பெருமிதமாக இருந்தது.

கதையில் நல்லவள் ஒருத்தியும் இருந்தாள். வெள்ளச்சி என்று பெயர். கையில் விளக்கேந்தி ஊர் ஊராகச் சாயல்காரியைத் தேடி வருவாள். ஆனால் ஒவ்வோர் இரவும், சாயல்காரி ஒரு பிள்ளையைக் கொண்டு சென்ற பிறகே வெள்ளச்சி வந்து சேர்வாள்.

“இந்த வெள்ளச்சி ஏம்மா எப்பப் பாத்தாலும் லேட்டாவே வர்றா?”

“அவளும் ஒண்ணரை ஷிப்டு போல.”

இருவரும் பாயில் உருண்டு சிரித்தனர். சிரித்து ஓய்ந்தபின், “நாளைக்காவது சீக்கிரம் வரச் சொல்லும்மா” என்று பிள்ளை கேட்டுக்கொண்டது. சரி என்றாள் முத்துப்பேச்சி. மறுநாளும் வெள்ளச்சியைத் தாமதமாகவே வரவழைத்தாள்.

அவளுக்கு வேறு வழியில்லை. படத்தின் முடிவில் கெட்டவன் விழுவான். மக்கள் எழுந்து, ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, இருட்டில் அச்சமின்றி வீடு திரும்புவார்கள். அந்த அச்சமின்மையைத்தான் அவளால் தன் மகளுக்கு வழங்க இயலவில்லை. சாயல்காரி செத்தால் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும். ஆகவே, நல்லது வெல்ல வேண்டும் என்று அவள் உள்ளம் விரும்பியபோதும், அவளுடைய நாவு இரவுதோறும் தீயதையே வெல்ல வைத்தது. கதை கேட்டு முடித்த பிள்ளை, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு உறங்கும். அதைப் பார்க்கும்போது நெஞ்சின் ஓரத்தில் ஏதோ கிள்ளும். இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு கொன்றுவிடலாம் என்று அவள் விளக்கை அணைப்பாள்.

கதவு திறக்கத் தாமதித்த அந்த இரவுக்கு மறுநாள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வீட்டுக்காரக் கிழவி தெய்வாத்தாள் அவளை நிறுத்தினாள். லைனின் முகப்பில் மாடி வைத்த வீடு அவளுடையது.

“ஏங்கண்ணு, நேத்து பொழுதோடவே வந்துட்டீங்களாட்ட இருக்குது? கதவுகிட்டயே நின்னுட்டு இருந்தீங்க. ஏனுங்கன்னு கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஊட்டுக்காரர்கூட சண்டையாக்கும்னு உட்டுட்டேன்.”

“நேத்து ஒண்ணரை ஷிப்டும்மா. நான் எங்க பொழுதோட வந்தேன்?”

“அட போங்க. அந்தப் பச்சை சுடிதாரு, தோள்ல பையி. உங்களத் தெரியாதுங்களா எனக்கு?”

முந்தைய நாள் அவள் உடுத்தியிருந்தது பச்சைதான். குடம் நிரம்பி வழிந்து பாதங்களை நனைத்தது. நெடுநேரம் அவள் குழாயை மூடவில்லை.

அன்றிரவு மகளை மடியில் இருத்தி, குரலில் நடுக்கம் தோன்றாதவாறு கேட்டாள்.

“நேத்து வந்தவ எப்படித்தா இருந்தா?”

“பாக்கலியே. பேச்சுத்தான் கேட்டுச்சு. உன்ன மாதிரியேதாம்மா. இருமுறதுகூட.”

“என்ன சொன்னா?”

“தைக்க பீஸ் இல்லன்னு சீக்கிரம் விட்டுட்டாங்க, தொறன்னா. சங்கு ஊதட்டும்னேன்.”

“அப்பறம்?”

“அழுதா.” ஜோதிகா தாயின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். “ரொம்ப நேரம் அழுதாம்மா. பாவமா இருந்துச்சு.”

கணவனிடம் கைப்பேசியில் சொன்னபோது, லாரியின் இரைச்சலுக்கு நடுவே அவன் சிரித்தான். “எவளாச்சும் வீடு மாறி வந்திருப்பா. ஏன்டி, பிள்ளையப் பயங்காட்ட ஒரு கதையக் கட்டி, கடைசில கட்டுனவளே நடுங்குற. நல்ல கதைக்காரிதான் போ.” அவன் சிரிப்பு அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அழைப்பைத் துண்டித்ததும், அறை முன்பைவிட அமைதியாகிவிட்டது போல் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கை தடுமாறிற்று. குழந்தைகளுக்கான மேற்சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். டியூப் லைட்டின் வெண்மையில் பஞ்சுத் தூசி மெல்லிய மழைபோல் இறங்கி, இமைகளிலும் எண்ணெய் படிந்த ஊசித் தண்டுகளிலும் தங்கியது. நூற்றுக்கணக்கான மெஷின்களின் ஒருமித்த இரைச்சலின் அடியில், யாரோ இரு விரல்களை மடக்கி எதையோ தட்டுவது போன்ற சீரான ஓசை அவள் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“என்னக்கா, கழுத்துல போயி கையி பீஸை ஏத்தறீங்க?” என்றாள் பக்கத்து மெஷின் கோமளா. “மூணு கையி இருக்கற புள்ளைக்கா தைக்கறீங்க?”

வரிசை முழுதும் சிரித்தது. முத்துப்பேச்சி தையலைப் பிரித்தாள். பிரிக்கையில் ஒரு முடிவுக்கு வந்தாள். சாயல்காரியை இனி உயிரோடு வைப்பதில்லை. மெஷினின் முன் அமர்ந்தபடியே மனத்துக்குள் முடிவைத் தைத்தாள்: வெள்ளச்சி ஒருநாள் நேரத்துக்கே வருகிறாள். விளக்கின் ஒளியை உயர்த்துகிறாள். முகமில்லாதவள் அந்த ஒளியில் தன் இன்மையைக் கண்டு கரைந்து போகிறாள். அதனை எவரிடமும் அவள் கூறவில்லை. கோமளாவிடம்கூட.

ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடிற்று. கெட்டவன் மாடியிலிருந்து விழுந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டும் ஓசை சுவரைத் தாண்டி வந்தது. ஜோதிகா கைதட்டவில்லை. திரையையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கணைக்கும் முன் முத்துப்பேச்சி கதையை முடித்தாள். வெள்ளச்சி வந்ததை, விளக்கு உயர்ந்ததை, தீயவள் கரைந்ததை, தன்னிடமிருந்த அழகிய சொற்களையெல்லாம் கூட்டிச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கிற்று.

பிள்ளை அசையவில்லை.

“என்னத்தா, நல்லால்லையா?”

“நல்லாருக்கு. அவளும் இதேதான் சொன்னா.”

“எத?”

“வெள்ளச்சி வந்துட்டா, வெளக்கத் தூக்குனா, சாயல்காரி கரைஞ்சு போயிட்டா, இனிப் பயமில்ல, தொறன்னு. வெள்ளிக்கிழமையே சொல்லிட்டா.” பிள்ளை கூச்சத்தோடு சேர்த்தது: “அவ இன்னும் நல்லா சொன்னாம்மா.”

முத்துப்பேச்சி விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் அவள் ஒன்றரை ஷிப்ட் வேண்டாம் என்று முடிவு செய்தாள். இன்று மட்டுமன்று, இனி என்றுமே. ஐந்தரைக்கே வேலை முடித்து வீடு சேர்வது. வருபவள் எவளாயினும் கதவருகில் வைத்தே பிடிப்பது. பிறகு பிள்ளையைத் தனியே விடாதிருப்பது. சூப்பர்வைசர் தரணீதரன் முகம் சுளித்தார்.

“ஏனுங்க, ஷிப்மென்ட் வாரத்துல போயி இப்புடிப் பண்றீங்களே. உங்க மெஷினு உங்களுக்காகக் காத்துட்டு இருக்காதுங்க.”

“எம்பிள்ளை காத்துட்டு இருக்கும்ங்க” என்று கூறிவிட்டு அவள் நடந்தாள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வேலைநாளின் மாலை வெயிலில் தன் வீட்டுச் சந்தினைப் பார்த்தே வெகுகாலமாகிவிட்டது என்பதை அவள் வியப்போடு உணர்ந்தாள். பட்டறை வாசல்களில் குவித்திருந்த குடங்கள் மாலை ஒளியைத் திருப்பியடித்தன. சாக்கடையோரம் யாரோ நட்ட செவ்வரளி பூத்திருந்தது. பித்தளைத் துகளின் புளித்த வாசனையும் எங்கோ வெங்காயம் தாளிக்கும் வாசனையும் கலந்து வீசின. கதவருகே எவரும் இல்லை. அவள் நெஞ்சு இலேசாயிற்று. நேரத்துக்கு வந்துவிட்டோம். தட்டினாள்.

“ஜோ, அம்மாதான். தொறத்தா.”

உள்ளே ஓடிய பாதங்கள் நின்றன.

“சங்கு ஊதலியே” என்றது குரல்.

“தெரியும்டி தங்கம். இன்னிக்கு…” அவள் தயங்கினாள். அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்ததைப் பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை. “தைக்க பீஸ் இல்லன்னு சீக்கிரம் விட்டுட்டாங்க. தொற.”

சொல்லி முடித்த பிறகே, அந்தச் சொற்களை முன்பே கேட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பின்னர் மிகப் பணிவாக, பள்ளியில் ஆசிரியை முன் நின்று பேசும் குரலில், பிள்ளை கூறியது: “எங்கம்மா சங்கு ஊதுனப்பறந்தானுங்க வருவாங்க. நீங்க போயிருங்க.”

ஜோதிகா ஒருநாளும் தாயை நீங்க என்று அழைத்ததில்லை. அந்த மரியாதை ஊராருக்குரியது. அன்னியர்க்குரியது. கதவின் மீது வைத்த கை, வைத்தபடியே இருந்தது. தன் பிள்ளை சொன்ன சொல்லைக் காக்கிறது என்ற பெருமையும், தான் வெளியே நிறுத்தப்பட்டோம் என்ற துயரும் ஒன்றாக எழுந்தன. அழுதாள். அடக்க முயன்றும் ஓசை வெளிப்பட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் கதையில் இருந்தது, அவள் வைத்ததுதான்.

படியில் அமர்ந்தாள். சங்கு ஊதட்டும். அதுவரை தானே காவலிருப்போம் என்று தேற்றிக்கொண்டாள்.

வெயில் சுவரை விட்டு இறங்கிற்று. வேலை முடிந்து சிலர் கடந்து சென்றனர். தெய்வாத்தாள் பால் பாத்திரத்தோடு வந்தவள் நின்றாள்.

“புள்ள தொறக்கலீங்களா?”

“வெளையாடுதும்மா.”

“இந்தக் காலத்துப் புள்ளைங்க” என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

பொழுது மங்கியது. கதவுக்கு மறுபுறம் யாரோ அமரும் சலசலப்பு. பலகையின் ஒருபுறம் தாயின் முதுகும் மறுபுறம் மகளின் முதுகும் சாய்ந்திருந்தன.

“நீங்க இன்னும் போகலீங்களா?”

“போகல.”

“உங்களுக்கு ஊடு இல்லீங்களா?”

முத்துப்பேச்சி தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

“பசிக்குதுங்களா?”

கதவின் அடியில், விரற்கடை அளவு இடைவெளியில், ஒரு பிஸ்கட் நகர்ந்து வந்தது. பாதி கடித்தது. சிறு விரல்நுனிகள் அதனை வெளியே தள்ளிவிட்டு, சுடுகல்லைத் தொட்டவை போல் உடனே உள்ளிழுத்துக்கொண்டன.

“தின்னுட்டுப் போயிருங்க. எங்கம்மா வந்தா பயப்படுவாங்க.”

அவள் அதனைத் தின்றாள். எச்சிலில் நனைந்த அந்தத் துண்டு நாவில் கரைகையில், தான் எந்தக் கதையிலும் சொல்லாத ஒன்றை இப்பிள்ளை எங்கிருந்து கற்றது என்று எண்ணினாள். தீயதற்கும் பசிக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சங்கு ஊதியதும் கதவு திறக்கும். திறந்ததும் இவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இனி எந்தக் கதையும் வேண்டாம். எல்லாவற்றையும் விளங்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சந்தில் இருள் நிறைந்தது. லைனின் ஒற்றை விளக்கு எரிந்தது. அதைச் சுற்றி ஈசல்கள் பறந்தன.

சங்கு ஊதியது.

அவள் எழ முனைந்தாள். அந்நேரமே மின்சாரம் நின்றது. விளக்கு அணைந்தது. பட்டறைகள் அடங்கின. எங்கும் இருள். சங்கொலி மட்டும் தொலைவில் தேய்ந்துகொண்டிருந்தது. அது தேய்ந்து முடிந்த இடத்தில், சந்தின் முனையில், ஒரு செருப்போசை தொடங்கிற்று.

இடக்கால் சற்றே இழுபடும் நடை. அந்த நடையை அவள் அறிவாள். அது அவளுடையது.

வந்தது. நெருங்கிற்று. இருமியது. பஞ்சுத் தூசி படிந்த நெஞ்சின் வறட்டு இருமல். மெஷின் எண்ணெயின் வாடை. புதுத் துணியின் வாடை. அவளுடைய வியர்வையின் வாடை. துப்பட்டாவின் முனை ஒன்று அவள் கன்னத்தை உரசிக் கடந்தது. அது குளிர்ந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது. இரு விரல்களை மடக்கி.

“ஜோ, அம்மாதான். தொறத்தா.”

கத்த வேண்டும். வாய் திறந்தது. குரல் எழவில்லை. அவளுடைய குரல் வேறிடத்தில் இருந்தது.

தாழ்ப்பாள் விலகியது. உடனே விலகியது.

“அம்மா! அவ போகவே இல்லம்மா. இங்கதான் உக்காந்திருந்தா.”

“தெரியும் தங்கம். நான் வந்துட்டேன்ல.”

கதவு மூடிற்று. தாழ்ப்பாள் விழுந்தது.

மின்சாரம் வந்தது. படி. கதவு. ஈசல்கள். வேறு எவரும் இல்லை. இருட்டில் கைவிளக்கோடு இறங்கி வந்த தெய்வாத்தாள், ஒளியை அவள் முகத்தில் பிடித்தாள்.

“ஆருங்க அது?”

“நாந்தாம்மா.” தொண்டையிலிருந்து வெளிவந்தது அவள் அறியாத ஓர் ஓசை. காய்ந்த சருகு போன்றது.

“முத்துப்பேச்சி இப்பத்தான உள்ள போனாங்க. செருப்புச் சத்தங் கேட்டுச்சே. பேசுனாங்களே.” கைவிளக்கை இன்னும் அருகே கொண்டுவந்தாள். “நீங்க…”

கிழவியின் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. தேடிய முகம் கிட்டவில்லை. “சாமி” என்றாள் மெதுவாக. பின்னோக்கி நடந்தாள். பிறகு திரும்பி, மறுபடி பார்க்காமல் நடந்தாள். மாடி வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் லைனின் கதவுகள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சாத்தப்பட்டன.

உள்ளே கதை தொடங்கிவிட்டிருந்தது. அவளுடைய குரல்தான் சொல்லிற்று. ஆனால் அவள் ஒருநாளும் அவ்வளவு களைப்பின்றிச் சொன்னதில்லை.

“அன்னிக்குப் பாத்தா, வெள்ளச்சி நேரத்துக்கே வந்துட்டா.”

“நெசமாவாம்மா? லேட்டே இல்லியா?”

“ஒரு நிமிசங்கூட இல்ல.”

ஜோதிகா சிரித்தாள். வயிறு குலுங்கும் சிரிப்பு. எத்தனையோ மாதங்களாக அந்த அறையில் கேட்காத சிரிப்பு.

முத்துப்பேச்சி கதவை அறைந்தாள். சிரிப்பு அறுந்தது. “அம்மா!” என்று பிள்ளை வீரிட்டது. மறுபடியும் அறைந்தாள். பிள்ளையின் அழுகை உச்சத்துக்கு ஏறி, மூச்சு முட்டி, விக்கியது. “போகச் சொல்லும்மா, அவளப் போகச் சொல்லும்மா.” கதவை உடைக்கலாம். உடைத்து உள்ளே சென்றால், அந்தக் கண்கள் எவளைக் கண்டு அஞ்சும்? எவள் மார்பில் முகம் புதைக்கும்?

அவள் தட்டினால் பிள்ளை அழுதது. தட்டாதிருந்தால் சிரித்தது.

உயர்த்திய கை காற்றில் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு தாழ்ந்தது.

உள்ளே விம்மல் தணிந்தது. தேற்றும் குரல் கேட்டது. சற்றைக்கெல்லாம் மெல்லிய சிரிப்பும் கேட்டது. முத்துப்பேச்சி தரையில் படுத்து, கதவின் அடி இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

வெளிச்சத்தில் நான்கு பாதங்கள்.

பெரிய பாதங்களின் மேல் சிறிய பாதங்கள் ஏறி நின்றன. பெரியவை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடந்தன. சிறியவை அவற்றோடு மிதந்தன. பெரிய பாதங்களின் ஓரங்களில் அவளுடைய வெடிப்புகள். அவளுடைய நகங்கள். அவை கதவை நோக்கி வந்தன. மெதுவாக. விளையாட்டாக.

கதவருகில் நின்றன. பெரிய விரல்கள் அவளை நோக்கியிருந்தன. மகளின் குதிகால்கள் அவளை நோக்கியிருந்தன.

சிறிய பாதங்கள் மேலெழுந்தன. யாரோ அள்ளித் தூக்குவது போல, மெல்ல, இடைவெளியை விட்டு மறைந்தன.

பெரிய பாதங்கள் மட்டும் அங்கேயே நின்றன.